மேலே ஆளிருக்கா?

லிஃப்ட் பழுது பார்க்கிறவர்களுக்கு ஒரு விதி உண்டு. லிஃப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் நிற்கிறவர் அண்ணாந்து பார்த்து, "மேலே ஆளிருக்கா?" என்று குரல் கொடுக்க வேண்டும். மொட்டை மாடியில் மோட்டார் அறைக்குள் நிற்கிறவர், "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். "ம்", "சொல்லு", "என்னப்பா" என்பதெல்லாம் செல்லாது. ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணியும் பதில் வரவில்லை என்றால் லிஃப்டை ஓர் அங்குலம்கூட நகர்த்தக் கூடாது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் படியேறிப் போய்ப் பார்க்க வேண்டும். மேலே இருப்பவர் மயங்கிக் கிடக்கலாம், கை மாட்டிக்கொண்டிருக்கலாம், சும்மா சிகரெட் பிடித்துக்கொண்டும் இருக்கலாம். எதுவானாலும் போய்ப் பார்க்க வேண்டும். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காததால்தானோ என்னவோ, எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

இந்தக் கதைக்கு உரியவர் ஒரு கீழாள். குழிக்குள் நிற்கிறவரைத் தொழிலில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தாறு வயது. கல்யாணம் தட்டிப் போய்க்கொண்டே இருந்து, ஒரு நாள் தட்டிப் போவதும் நின்றுவிட்டது. அவருக்கு வாய்த்த மேலாள் நாலு வயது மூத்தவர். பத்தொன்பது வருடம் இருவரும் ஒரே லிஃப்டின் இரண்டு முனைகளில் நின்றார்கள். மேலாளின் மகள் கணக்கில் பெயிலானது, கீழாளுக்குப் பார்த்திருந்த பெண் வேறிடத்துக்குச் சம்மதம் சொன்னது, யாருக்கு எங்கே வலி என்பது, எல்லாம் எட்டு மாடி இருட்டுக்குள் மேலும் கீழுமாகப் போய் வந்தது. வேலை முடிந்து பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் இருவருக்கும் ஒன்றும் பேச வராது. ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

பிறகு கம்பெனி ஒவ்வொரு மோட்டார் அறையிலும் ஒரு சின்னப் பெட்டியை மாட்டியது. அது எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளுமாம். இனி ஒரு லிஃப்டுக்கு ஒரு ஆள் போதும் என்று மேலாளுக்கு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் ஊரின் மறுகோடியில் மகள் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். கீழாளுக்கு ஒரு போன் கொடுத்தார்கள். லிஃப்டை நகர்த்தும் முன்பு அந்தப் போன், 'மேலே ஆள் இருக்கிறாரா?' என்று கேட்கும். 'இல்லை' என்று அழுத்தினால், 'ஆம் என்று ஆகும்வரை காத்திருக்கவும்' என்று சொல்லும். ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து பார்த்தார். ஆகவில்லை. மறுநாளிலிருந்து 'ஆம்' என்று அழுத்தப் பழகிக்கொண்டார். தினம் பதினெட்டுப் பொய். பொய்யை அழுத்திவிட்டு, மனசு கேட்காமல், அண்ணாந்து ஒரு தடவை வாயாலும் கேட்டுவிடுவார். சுவரில் மோதி அவர் குரலே திரும்பி வரும். எதிரொலி விதிப்படி செல்லாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேலாளுக்குப் போன் போடுவார்.

"சாப்பிட்டீங்களா அண்ணே?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

அப்புறம் இரண்டு பக்கமும் மூச்சு விடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கும்.

"சரி, வச்சிடவா?"

"வச்சிடு."

வெளியூரில் இருக்கும் அக்காவிடம் ஒரு நாள் இதைச் சொன்னார். அக்காவுக்கு எதற்கும் ஒரு வழி தெரியும்.

"நான் இருக்கிற தலையிலியில நீயும் சேர்ந்துக்கடா. செடி வளர்க்கிறவங்க கூட்டம் ஒண்ணுல இருக்கேன். நாலாயிரம் பேரு. காலைல ஒரு இலையைப் போட்டோ எடுத்துப் போட்டா போதும், எழுநூறு பேரு இதயம் போடுறாங்க. பெத்த பிள்ளை போடுறதில்ல. நீயும் உங்க ஆளுங்களுக்குன்னு ஒரு கூட்டம் ஆரம்பிச்சுக்கோ."

தலையிலி என்பது போனில் இயங்கும் ஒரு வலை. அதற்கு முதலாளி கிடையாது, கம்பெனி கிடையாது. நூற்றுக்கணக்கான தனித்தனிக் கணினிகளை ஆர்வலர்கள் ஆளுக்கொன்றாக நடத்தி, ஒன்றோடொன்று கோத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் இல்லம் என்று பெயர். முகப்பிலேயே பெரிய எழுத்தில் 'இங்கே தலைவர் இல்லை' என்று போட்டிருந்தது. அதன் கீழே, படித்து ஒப்புக்கொள்ள வேண்டிய அறுபத்து நாலு பக்க விதிகள். தலைவர் இல்லாத நிலைமை கெட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத் தலைவரின்மைக் காப்பாளர் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு நாலு துணைக் காப்பாளர்கள். அந்த ஐந்து பேரும் தலைவர்களாகிவிடாமல் கண்காணிக்க ஒன்பது பேர் கொண்ட குழு. இவர்கள் யாருக்கும் யாரும் உத்தரவு போட முடியாது என்பதால் எல்லோரும் எல்லோருக்கும் பரிந்துரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

கீழாள் மென்காற்று என்னும் இல்லத்தில் சேர்ந்து, புதிய சமூகம் தொடங்க விண்ணப்பம் போட்டார். பெயர்: தனியாக வேலை பார்க்கும் லிஃப்ட் மெக்கானிக்குகள். நோக்கம் என்ற கட்டத்தில், 'கூப்பிட்டால் பதில் சொல்வதற்கு' என்று எழுதினார்.

நேர்காணலுக்கு அழைத்தார்கள். போன் திரையில் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் முகத்துக்குப் பதில் படம் வைத்திருந்தார்கள். ஒரு பூனை, ஒரு மலை, பாதி நிரம்பிய ஒரு கண்ணாடிக் கோப்பை. கீழாள் மட்டும் சவரம் செய்துகொண்டு, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்க சமூகத்துக்கான தேவை என்னன்னு சொல்லுங்க," என்றது பூனை. பெண் குரல்.

"கூப்பிட்டா யாராவது பதில் சொல்லணும் மேடம்."

"அதைக் கொஞ்சம் விரிவா?"

"நான் கூப்பிடுவேன். யாராவது, இருக்கேன்னு சொல்லணும்."

"சரி. அதன் மூலமா என்ன சாதிக்க நினைக்கிறீங்க?"

கீழாள் யோசித்தார். "லிஃப்டை நகர்த்துவேன்," என்றார்.

மலை எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு மலை தொண்டையைச் செருமியது. "விண்ணப்பத்துல மேலாள், கீழாள்னு ரெண்டு வார்த்தை வருது. எங்களுக்குக் கொஞ்சம் சங்கடமா இருக்கு. நம்ம வலையில மேல், கீழ்ங்கிறதே கிடையாது."

"லிஃப்டுல இருக்கு சார்."

"அது உங்க பார்வை," என்றது கோப்பை.

விஷயம் சொல்லாய்வுக் குழுவுக்குப் போனது. பதினாறு நாள் விவாதித்து, மேலாளை 'முதலாம் செங்குத்துத் தோழர்' என்றும், கீழாளை 'இரண்டாம் செங்குத்துத் தோழர்' என்றும் அழைக்கலாம் என்று முடிவு செய்தார்கள். முதல், இரண்டு என்பதே ஏற்றத்தாழ்வுதான் என்று ஓர் உறுப்பினர் கண்ணீர் விட்டதால் மறுபடி கூடினார்கள். கடைசியில் இருவருமே வெறும் 'செங்குத்துத் தோழர்' ஆனார்கள். குழியில் நிற்பவர் யார் என்பதைச் சூழலை வைத்துப் புரிந்துகொள்ளலாம் என்று தீர்மானத்தில் கண்டிருந்தது. லிஃப்ட் தலைக்கு மேல் இறங்கி வரும்போது அது தானாகவே புரிந்துவிடும் என்பது உண்மைதான்.

அனுமதி வந்தது. அன்று மதியம் ஒரு கட்டடத்தின் குழிக்குள் நின்றபடியே கீழாள் தன் சமூகத்தின் முதல் பதிவை எழுதினார். 'மேலே ஆளிருக்கா?' அனுப்பிவிட்டு, பழக்க தோஷத்தில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணினார். பிறகு சாப்பிடப் போனார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார். பஸ்ஸில் பார்த்தார். அடுத்த நாள், அதற்கடுத்த நாள் எல்லாம் பார்த்தார்.

சமூகத்தில் கூட்டம் இல்லாமல் இல்லை. தொடங்கிய வாரமே முப்பத்தேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். நெறியாளர்கள், துணை நெறியாளர்கள், நெறியாளர்கள் அத்துமீறாமல் பார்க்கும் பார்வையாளர்கள், சொல்லாய்வுக் குழுப் பிரதிநிதி, பிற இல்லங்களின் தூதர்கள். விதிப்படி எல்லாச் சமூகத்துக்கும் இவர்கள் உண்டு. விதிப்படி இவர்கள் சமூகத்தில் பேசக் கூடாது. பேசினால் நடுநிலை போய்விடும். ஆக, கீழாள் ஒருவர் நடுவில் நின்று குரல் கொடுக்க, முப்பத்தேழு பேர் சுற்றி நின்று வாயை மூடிக்கொண்டு, யாராவது பதில் சொன்னால் அது விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கத் தயாராக இருந்தார்கள்.

இதற்கு நடுவே மென்காற்று இல்லத்துக்கும் நேர்கோடு இல்லத்துக்கும் சண்டை வந்தது. எதற்கு என்று சண்டை போட்டவர்களுக்கே இரண்டு கருத்து இருந்தது. வலையில் பாதி இல்லங்கள் மற்றப் பாதிக்குக் கதவைச் சாத்திக்கொண்டன. ஒவ்வொரு சமூகத்தின் நிறுவனரும் தன் நிலைப்பாட்டை அறிவிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

"நீங்க எந்தப் பக்கம்?" என்று போன் போட்டுக் கேட்டது மலை.

"குழிப் பக்கம் சார்."

அது எந்தத் தரப்பு என்று தேடிப் பார்த்துவிட்டு, ஆபத்தான நடுநிலை என்று குறித்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேலாளிடம் பேசும்போது, வழக்கமான மூச்சுச் சத்தம் வரும் இடத்தில் கீழாளுக்குச் சொல்வதற்கு ஒரு விஷயம் இருந்தது.

"அண்ணே, நம்ம ஆளுங்களுக்குன்னு ஒரு கூட்டம் ஆரம்பிச்சிருக்கேன். போன்லதான். ஆளிருக்கான்னு கேட்டு எழுதியிருக்கேன்."

"யாரு பதில் சொல்றா?"

"இன்னும் யாரும் சொல்லல."

"எனக்கு இந்தக் கருமமெல்லாம் தெரியாதுப்பா," என்றார் மேலாள். பிறகு, "பேரு என்ன சொன்னே? தலையிலியா? மெதுவாச் சொல்லு, எழுதிக்கிறேன்," என்றார்.

அந்த வாரம் புதன்கிழமை, கீழாள் இடுப்பளவு குழிக்குள் நின்று லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது பாதுகாப்பு அணியிலிருந்து அழைப்பு வந்தது. அதன் ஒருங்கிணைப்பாளர் தணிந்த குரலில் பேசினார், ஆஸ்பத்திரியில் பேசுவது மாதிரி.

"பதற்றப்படாதீங்க. உங்க சமூகத்து மேல ஒரு தாக்குதல் நடந்திருக்கு."

கீழாள் சட்டென்று அண்ணாந்து பார்த்தார். லிஃப்ட் இருந்த இடத்திலேயே இருந்தது.

"நாப்பது நிமிஷத்துக்குள்ள பதினோரு புதுக் கணக்கு. அத்தனையும் ஒரே வார்த்தையை எழுதியிருக்கு. ஒரு எழுத்து மாறல. மனுஷங்க இப்படிப் பேச மாட்டாங்க. ஒருத்தன் உட்கார்ந்து இயக்குற எந்திரக் கணக்குங்க இதெல்லாம்."

"என்ன வார்த்தை சார்?"

"அதை உங்களுக்குக் காட்ட மாட்டோம். உங்க மனநலம்தான் எங்களுக்கு முக்கியம்."

"கெட்ட வார்த்தையா?"

"ஆய்வுல இருக்கு. இப்ப ஒரு படிவம் வரும். நிறுவனர்ங்கிற முறையில நீங்க ஒப்புதல் கொடுத்தாத்தான் நீக்க முடியும். நாங்களா நீக்கினா அது அதிகாரம் ஆயிடும் பாருங்க."

"கொடுக்கலைன்னா?"

"சமூகத்தை மூடிடுவோம். அது அதிகாரம் இல்ல, நடைமுறை."

படிவம் வந்தது. பதினோரு கறுப்புக் கட்டங்கள். கட்டங்களுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. கீழே, 'இவை மனிதர்கள் அல்ல என்று உறுதி செய்கிறீர்களா?' ஆம், இல்லை. கீழாளின் கட்டைவிரலில் எண்ணெய் இருந்தது. 'ஆம்' என்று அழுத்துவதில் அந்த விரலுக்கு நல்ல பழக்கமும் இருந்தது.

அன்று மாலைக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அவருக்கு நன்றி எழுதினார்கள். 'துணிச்சலான முடிவு.' 'உங்களைப் போன்ற நிறுவனர்களால்தான் வலை சுத்தமாக இருக்கிறது.' மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது: கீழாள் அன்று சந்தோஷமாக இருந்தார். அவ்வளவு பேர் அவருக்கு எழுதியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஒவ்வொன்றையும் அக்காவுக்குப் படித்துக் காட்டினார். "பார்த்தியா, நான் சொன்னேன்ல," என்றாள் அக்கா.

அடுத்த ஞாயிறு மேலாள் போனை எடுக்கவில்லை. மணி முழுக்க அடித்து நின்றது. அதற்கடுத்த ஞாயிறும் எடுக்கவில்லை. பேரப்பிள்ளைகள் இருக்கிற வீடு, போனை எங்காவது வைத்திருப்பார் என்று கீழாள் நினைத்துக்கொண்டார். மூன்றாவது ஞாயிறு, இரண்டாவது மணியிலேயே யாரோ துண்டித்தார்கள். பேத்தி விளையாடியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். பதில் வராவிட்டால் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் இது லிஃப்ட் இல்லையே, போன்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். தவிர, போனால் எதிரெதிரே உட்கார வேண்டும். உட்கார்ந்து என்ன பேசுவது?

ஏழு மாதம் போயிற்று. குழிக்குள் அண்ணாந்து கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார். எதிரொலியும் வேண்டாம் என்று தோன்றிவிட்டது. காலையில் கிளம்பினால், 'கொஞ்சம் நகர்றீங்களா', 'ரிப்பேர் ஆயிடுச்சா', 'எவ்வளவு நேரம் ஆகும்' என்று ஊரார் கேட்கிற மூன்று கேள்விக்குப் பதில் சொல்வதைத் தவிர வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்து சேருகிற நாட்கள் நிறைய வந்தன. வீட்டில் ஒரு நாற்காலிதான். இன்னொன்று இருந்தது, அதில் துணி கிடந்தது. யாரும் வராத வீட்டில் துணியை எடுத்து வைக்க ஒரு காரணமும் இருப்பதில்லை.

எட்டாவது மாதம் தலையிலியிலிருந்து கடிதம் வந்தது. ஆண்டின் முன்மாதிரிச் சமூகமாக அவருடைய சமூகம் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. புகார்கள்: இல்லை. சச்சரவுகள்: இல்லை. புண்படுத்தும் சொற்கள்: இல்லை. தவறான தகவல்கள்: இல்லை. மொத்தப் பதிவுகள்: ஒன்று. வரும் ஞாயிறு காலை பதினோரு மணிக்கு விழா, போனிலேயே.

அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. "ஆண்டறிக்கைன்னு ஒண்ணு போடுவாங்கடா, அதுல உன் பேரு வந்திருக்கும். எந்தப் பக்கம்னு பார்த்து அனுப்பு, செடிக்காரங்களுக்குக் காட்டணும்."

ஆண்டறிக்கையின் முழுப்பெயர் வெளிப்படைத்தன்மை அறிக்கை. முன்னூற்றுப் பத்துப் பக்கம். ஒளிவுமறைவே இருக்கக் கூடாது என்பது தலையிலியின் கொள்கை ஆகையால் எல்லாவற்றையும் அதில் போட்டுவிடுவார்கள். யாரும் படிக்காததால் ஒரு தொந்தரவும் வராது. ஞாயிறு காலை, சவரம் செய்துகொண்டு, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, விழாவுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது கீழாள் தன் பெயரைத் தேட ஆரம்பித்தார். இருநூற்று எண்பத்தேழாம் பக்கத்தில், பின்னிணைப்பு ஒன்பதில் கிடைத்தது. அந்தப் பதினோரு கணக்குகள். இப்போது கறுப்புக் கட்டம் இல்லை.

பழைய பிரேக்: இருக்கேன்.
கிரீஸ் கை: இருக்கேன்.
ஆறாவது மாடி: இருக்கேன்.
ஒத்தைக் கண்ணு: இருக்கேன்.

ஒத்தைக் கண்ணு என்பவரைக் கீழாளுக்குத் தெரியும். வேறு கம்பெனி, ஆனால் எதிர்க் கட்டடத்தில் பத்து வருடம் பார்த்த ஆள். கிரீஸ் கையையும் தெரிந்த மாதிரி இருந்தது. எல்லோரும் அதையேதான் எழுதியிருந்தார்கள். வேறு எதை எழுதுவார்கள்? பட்டியலின் முதல் வரியைக் கடைசியாகத்தான் பார்த்தார். எல்லோருக்கும் முன்னால் வந்து எழுதிய கணக்கு அது.

மேலே நிக்கிறவன்: இருக்கேன்.

அதற்குக் கீழே, பதினோரு பேருக்கும் அனுப்பப்பட்ட அறிவிப்பும் அச்சாகியிருந்தது. 'நீங்கள் மனிதர் அல்ல என்பதைச் சமூகத்தின் நிறுவனர் நேரில் உறுதி செய்துள்ளார்.' அடியில் கீழாளின் பெயர்.

பதினோரு மணிக்குப் போன் தானாகவே விழாவைத் திறந்தது. திரை முழுக்கப் பூனைகள், மலைகள், கோப்பைகள். நடுவில் தலைவரின்மைக் காப்பாளர். இவர் ஒரு காலி நாற்காலியைப் படமாக வைத்திருந்தார். பணிவு காரணமாக அந்தப் படம் மற்றவர்களுடையதைவிட மூன்று மடங்கு பெரிதாக இருந்தது.

"நண்பர்களே," என்றார் காப்பாளர், "பத்து வருஷமா ஆயிரக்கணக்கான சமூகங்களைப் பார்த்துட்டேன். எல்லாமே நல்லாத்தான் ஆரம்பிக்குது. நல்ல பேரு, நல்ல விதிகள், நல்ல நெறியாளர்கள். அப்புறம் ஆளுங்க வந்துடுறாங்க. வந்தா சும்மா இருக்கிறாங்களா? பேசுறாங்க. ஒருத்தர் பேசினா இன்னொருத்தர் பதில் பேசுறாரு. அங்கதான் எல்லாம் கெட்டுப்போகுது. நம்ம விதிகளை முழுசாக் கடைப்பிடிச்ச சமூகம் ஒண்ணாவது வராதான்னு நான் ஏங்கியிருக்கேன். இன்னிக்கு வந்திருக்கு. நான் தலைவர் இல்ல. அதனால இதை ஒரு தலைவரா சொல்லல. ஆனா எல்லாரும் இதைப் பின்பற்றணும்."

படங்களின் மேல் கைதட்டுகிற சின்னப் படங்கள் பறந்தன. நிறுவனரைப் பேச அழைத்தார்கள்.

"சார்," என்றார் கீழாள். "அந்தப் பதினோரு பேரும் மனுஷங்க சார். நான் கேட்டதுக்குப் பதில் சொல்லியிருக்காங்க."

பறந்துகொண்டிருந்த கைதட்டல் படங்கள் நின்றன.

"இருக்கலாம்," என்றார் காப்பாளர். "அந்தச் சாத்தியத்தை நாங்க மறுக்கல. ஆனா முடிவு எடுத்தாச்சே."

"யாரு சார் எடுத்தது?"

"நீங்கதான்."

"திரும்பச் சேர்க்க முடியுமா?"

"அதுக்கு ஒருத்தர் உத்தரவு போடணும். இங்க உத்தரவு போட யாரு இருக்கா? அதுதானே நம்ம பெருமை."

"ஒரு தகவலாவது அனுப்ப முடியுமா? தெரியாம நடந்துபோச்சுன்னு."

"அவங்க முகவரிகளை அழிச்சுட்டோம். அவங்க அந்தரங்கத்தைப் பாதுகாக்கணும் இல்லையா?"

கீழாள் திரையைப் பார்த்தார். இருநூறுக்கு மேல் படங்கள். எதற்கும் முகம் இல்லை, எல்லோருடைய ஒலிவாங்கியும் அணைக்கப்பட்டிருந்தது. தன்னையறியாமல், குழிக்குள் கேட்கிற அதே குரலில் கேட்டுவிட்டார்.

"இங்க ஆளிருக்கா?"

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். எட்டாவது எண்ணும்போது மறுபடியும் கைதட்டல் படங்கள் பறந்தன. அதுதான் ஏற்புரை என்று நினைத்துவிட்டார்கள். இரத்தினச் சுருக்கமான உரை என்று பூனை பாராட்டியது. பத்து வரை எண்ணி முடித்துவிட்டு, கீழாள் போனை அணைத்து நாற்காலித் துணிமேல் போட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார்.

இரண்டு பஸ் மாற வேண்டியிருந்தது. மேலாளின் மகள் வீடு எட்டாவது மாடியில். கீழே லிஃப்ட் கதவைத் திறந்துகொண்டு காத்திருந்தது. நல்ல லிஃப்டுதான், சத்தத்திலேயே தெரிந்தது. தண்டவாளத்துக்கு மட்டும் எண்ணெய் கேட்டது. ஆனால் பதில் வராத இடத்துக்கு லிஃப்டில் போகக் கூடாது. கீழாள் படியில் ஏறினார். நாலாவது மாடியில் முழங்கால் கெஞ்சியது. ஆறாவது மாடியில் உட்கார்ந்து எழுந்தார். ஏழு மாதத்துக்கு முன்பே ஏறியிருக்க வேண்டிய படி என்று தோன்றியது.

எட்டாவது மாடியில் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டீவி ஓடிக்கொண்டிருந்தது. மணியை அழுத்தக் கை போனது, அழுத்தவில்லை.

"மேலே ஆளிருக்கா?"

டீவி சத்தம் நின்றது. செருப்புச் சத்தம் கதவுவரை வந்து நின்றது. கீழாள் எண்ணினார். பத்து ஆயிற்று, பதில் இல்லை. பத்து ஆனால் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டும் என்கிறது விதி. ஏறி வந்த பிறகும் பதில் இல்லை என்றால் என்ன செய்வது என்று விதியில் இல்லை. வேறு வழி தெரியாமல் எண்ணிக்கொண்டே இருந்தார். நாற்பத்து மூன்றில் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் மனுஷன் இல்லைன்னு எழுதிக் கொடுத்தவன்தானே நீ?"

"நான்தான் அண்ணே."

"பேத்தியை உட்கார வச்சுக் கணக்குத் திறந்தேன். மத்தப் பத்துப் பேருக்கும் நானே போன் போட்டேன். ஒத்தைக் கண்ணு ஊர்ல இல்ல, அவனையும் தேடிப் பிடிச்சேன். நம்ம கீழாள் தனியாக் கிடக்கான், குரல் கொடுக்கிறான், முறையாப் பதில் சொல்லுங்கடான்னு சொன்னேன். ஒருத்தன் வாழ்த்துக்கள்னு எழுதப் போனான், அதெல்லாம் கூடாதுன்னு திட்டி மாத்தச் சொன்னேன்."

"பார்க்காம அழுத்திட்டேன் அண்ணே. கறுப்புக் கட்டமா இருந்துச்சு."

"மேலே யாரு இருக்கான்னு பார்க்காம லிஃப்டை நகர்த்துவியா நீ?"

"மாட்டேன்."

"அப்புறம்?"

கீழாள் கதவுக்கு வெளியே தரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அப்பா, வாசல்ல நிக்க வச்சுப் பேசுறீங்களே, கதவைத் திறங்க," என்று மகளின் குரல் கேட்டது.

"இரும்மா. மூஞ்சியைப் பார்த்தா அவனுக்குப் பேச வராது. எனக்கும் வராது."

உள்பக்கம் கதவோரமாக ஒரு நாற்காலி இழுபட்டது. அந்தப் பக்கம் ஒருவர் உட்காரும் சத்தம். கீழாள் முதுகைக் கதவில் சாய்த்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். 'ஆம்' என்று அழுத்துகிற போனைப் பற்றிச் சொன்னார். எதிரொலியைப் பற்றி, துணி போட்ட நாற்காலியைப் பற்றி, இருநூற்றுப் பன்னிரண்டு நன்றியைப் பற்றி எல்லாம் சொன்னார். செங்குத்துத் தோழர் என்று சொன்னபோது உள்ளே ஒரு செருமல் கேட்டது. சிரிப்பாகவும் இருக்கலாம். பத்தொன்பது வருடத்தில் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை, அரைமணி நேரம் பேசியிருப்பார். பேசி முடித்துவிட்டு, "ஏழு மாசம் வராம இருந்துட்டேன் அண்ணே," என்றார்.

கதவுக்குப் பின்னால் நாற்காலி நகர்ந்தது. பிறகு, "கேளு," என்றார் மேலாள்.

"என்ன அண்ணே?"

"முறையாக் கேளு."

கீழாள் எழுந்து நின்றார். எதற்கென்று தெரியாமலே கதவுக்கு மேலே பார்த்தார்.

"மேலே ஆளிருக்கா?"

மேலாள் அவரை ஒன்பது வரை எண்ண வைத்தார். பிறகுதான், "இருக்கேன்," என்றார்.